கமிஷன் உங்களுக்கு, புகார் யாருக்கு?

"லிங்க் அனுப்பியது மட்டும்தான் நான், பொருள் சரியில்லை என்றால் விற்ற கம்பெனியைக் கேளுங்கள்" என்று, கமிஷனுக்காக மின்னஞ்சலில் பொருட்களைப் பரிந்துரைக்கும் நீங்கள் சொல்லும் வாதத்தை ஏற்க முடியாது. சந்தாதாரர் அந்தக் கம்பெனியை நம்பியா வாங்கினார்? மின்னஞ்சலில் உங்கள் பெயரைப் பார்த்துத்தான் வாங்கினார். அந்த நம்பிக்கைக்குத்தான் உங்களுக்குக் கமிஷன்.

சட்டமும் உங்களை விட்டுவிடவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்துக்குப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சொன்னது உண்மையா என்று முன்பே சரிபார்த்தவருக்குத்தான் விலக்கு.

ஆர்டர் எண்ணும் உடைந்த டப்பாவின் படமும் சேர்த்து ஒருவர் எழுதுகிறார். "அன்சப்ஸ்கிரைப் செய்துகொள்ளுங்கள்" என்பதா அதற்குப் பதில்? விற்றவரிடம் நீங்களே பேசுங்கள். புகார் தீரும்வரை அந்த லிங்க்கை நிறுத்தி வையுங்கள்.

வாசகர்களே, பரிந்துரைத்தவரிடம் புகார் செய்தும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.