வலையும் வகுப்பும்

தோட்டவெளி வேதசாட்சிகள் ஆலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு முதல் ஞாயிறு, மறைக்கல்வியில் மன்னார் வேதசாட்சிகள் பாடம். என்னோடு படிப்பிக்கிற தம்பி கிழமை முழுக்கக் கடலுக்குப் போகிறவர். "1544இல் சவேரியார் மன்னாருக்கு வந்து ஞானஸ்நானம் குடுத்தவர்" என்றார். கடைசி வாங்கில் இருந்த நான், "பிழை தம்பி, சவேரியார் வரேல்லை" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் தம்பி வரவில்லை.

நான் சொன்னது சரிதான். மன்னார் மக்கள் ஆளனுப்பிக் கேட்டபோது வர முடியாத சவேரியார் வேறொரு குருவை அனுப்பினார். அந்தக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். ஆனால் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தின வாய்க்கு, எங்கே திருத்துவது என்று தெரியவில்லை. தன்னால் போக முடியாத இடத்துக்கு இன்னொருவரை நம்பி அனுப்பினவரின் கதையைச் சொல்லித்தான் நான் பக்கத்து ஆளை விழுத்தினேன்.

சவேரியாருக்குத் தமிழும் சரிவர வராது. அக்கரை முத்துக்குளித்துறையில் ஊர்க்காரரைக் கூட்டி இருத்தித்தான் செபங்களைத் தமிழாக்கினார். அடுத்த ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கணக்கப்பிள்ளைமார் என்ற ஊர் மறையாசிரியர்களிடம் ஒப்படைத்தார். அவர்களுக்குச் சம்பளமும் வைத்தார். எங்களுக்குச் சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு.

நாலாம் கிழமை வாடிக்குப் போனேன். தம்பி வலை பொத்திக்கொண்டிருந்தார். "ரீச்சர், அதை எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். எப்போது சொல்வது? நாங்கள் இருவரும் சந்திப்பதே வகுப்பு வாசலில்தான்.

சனி இரவு தொழில் இல்லை. அதனால் இப்போது சனி பின்னேரம் அரை மணித்தியாலம் இருந்து பாடம் பார்க்கிறோம். போன மாதம் பேதுரு மீன் பிடித்த பாடம். இரவு முழுக்க ஒன்றும் படாமல், காலையில் கரையில் வலை அலசுகிற இடத்தை எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கிறேன். தம்பி சொன்னார்: "ரீச்சர், அலசி முடிச்ச வலையைத் திரும்ப இறக்கச் சொன்னா எந்தத் தொழிலாளிக்கும் கோபம் வரும். பேதுரு அதை அடக்கிக்கொண்டுதான் இறக்கினவர்." எனக்கு அது தெரியாது. அடுத்த நாள் அவரையே சொல்ல வைத்தேன். வலைக்காரர் பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை.

பங்குகளில் வருடத் தொடக்கத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு பெயரை வாசித்துவிட்டால் சோடி சேர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். சேராது. வயதும் படிப்பும் கூடினவர் வகுப்பை எடுத்துக்கொள்வார், மற்றவர் வரவு பதிந்துகொண்டு ஒரு மூலையில் நிற்பார். பிறகு அதுவும் இல்லை. பெற்றோரும் வீட்டில் பிள்ளைகளிடம் "எந்த ரீச்சர் திறம்?" என்று கேட்பதை விடவேண்டும். ஞாயிறு காலையில் அந்தக் கேள்வி பிள்ளைகளின் முகத்தில் தெரிகிறது.

பாதர்மாரிடம் கேட்பது இவ்வளவுதான்: ஆசிரியர் பெயர்களை வாசிக்கும் அன்றே அவர்கள் கூடியிருந்து பாடம் பார்க்கும் நேரத்தையும் சேர்த்து அறிவியுங்கள்.