ஷிஃப்ட் முடிந்து வருபவருக்கு அபராதமா?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பெரிய தொழிற்சாலைகளுக்கு நேரத்துக்கு ஏற்ற மின்கட்டணம் பழகிப்போன ஒன்று. காலையிலும் மாலையிலும் 6 முதல் 10 மணி வரை 25 சதவிகிதம் கூடுதல். இரவில் 5 சதவிகிதம் தள்ளுபடி. இந்த ‘பீக் ஹவர்’ கணக்கை வீடுகளுக்கும் கொண்டுவரச் சொல்கிறது மத்திய அரசு. 2023 ஜூனில் திருத்தப்பட்ட விதிகளின்படி, விவசாயம் தவிர்த்த எல்லா இணைப்புகளுக்கும் 2025 ஏப்ரல் 1-க்குள் இது வந்திருக்க வேண்டும். சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவிகிதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவிகிதம் அதிகம். இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். அது வராததால் தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் பழைய கணக்கே ஓடுகிறது.

திட்டத்தில் நியாயம் இருக்கிறது. பகலில் சோலார் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிட, மின்சந்தையில் யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாய் வரை ஏறுகிறது. 2024 மே 2-ல் தமிழகத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாலைச் சுமையில் ஒரு பகுதி பகலுக்கு நகர்ந்தால் எல்லோருக்கும் லாபம்தான்.

ஆனால், யாரால் நகர்த்த முடியும்? ஒரகடம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளியைப் பாருங்கள். ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது மணி ஏழு. அதன் பிறகுதான் சோறு வடிக்க வேண்டும், மறுநாள் போட யூனிஃபார்ம் துவைக்க வேண்டும், செல்போனுக்கு சார்ஜ் போட வேண்டும். எல்லாமே பீக் ஹவரில்! அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் போட்டால், பகலில் ஃபேனைப் போட்டுத் தூங்குகிற அதே ஆளுக்குத் தள்ளுபடி. அவர் மின்சாரத்தைச் சிக்கனமாகவும் செலவழிக்கவில்லை, வீணாகவும் செலவழிக்கவில்லை. சூப்பர்வைசர் போட்ட ஷிஃப்டுக்குப் போய் வந்தார், அவ்வளவுதான்.

அந்தத் தள்ளுபடியும் அவர் கைக்கு வருமா? மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். அறைக்கு சப் மீட்டர். யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதே விலை. 100 யூனிட் இலவசமே பல வாடகைக் குடித்தனங்களுக்கு எட்டியதில்லை.

பிற மாநிலங்களைப் பார்த்தே பாடம் படிக்கலாம். மகாராஷ்டிரா, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு தள்ளுபடியில் தொடங்கியது. கேரளா, மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவழிப்போருக்கு மட்டும் பகலில் 10 சதவிகிதம் குறைத்து, மாலையில் 25 சதவிகிதம் கூட்டியது. இரண்டிலும் சிறு குடும்பத்தைத் தண்டிக்கும் நோக்கம் இல்லை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்து விஷயங்களை உறுதி செய்யட்டும். முதல் ஓராண்டு பகல் தள்ளுபடி மட்டும். மாலைக்கூடுதல் பிறகு வந்தாலும் ஏ.சி., கார் சார்ஜர் வைத்திருக்கும் பெரிய நுகர்வோருக்கு மட்டும். மீட்டர் பொருத்திய பின் சில மாதங்கள், புதிய முறையில் எவ்வளவு வரும் என்பதை பில்லிலேயே அச்சிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு மாத ரீடிங் மாதக் கணக்காக வேண்டும். வாடகைதாரரிடம் மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் வாங்கக் கூடாது.

இவற்றைச் செய்யாமல் மாலைக் கட்டணத்தை ஏற்றினால், மின்சுமை நகராது, கடன்சுமைதான் கூடும்.