பஞ்சத்தை எப்பொழுது பஞ்சமென்பது?

உலகத்தின் எந்த மூலையில் பஞ்சம் நெருங்குகிறது என்பதை முன்கூட்டியே அறிய இன்று வழியில்லாமற் போகவில்லை. மழைக் கணக்கு உண்டு; சந்தை விலைக் கணக்கு உண்டு; வானத்திலிருந்து பயிரைப் படம் பிடிக்கும் செயற்கைக் கோள்களும் உண்டு. 2004-ம் வருஷத்தில் ஸோமாலியாவில் தோன்றிப் பின்னர் பல தேசங்களுக்கும் பரவிய ஐந்துபடி அளவுகோல் ஒன்றும் உண்டு. ஆனால் அதன் ஐந்தாம் படியாகிய 'பஞ்சம்' எப்பொழுது பிரகடனமாகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஐந்தில் ஒரு குடும்பம் ஆகாரமின்றித் தவிக்க வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு 30 பேர் போஷாக்கின்றி மெலிந்திருக்க வேண்டும். பதினாயிரம் பேருக்குத் தினம் இருவர் வீதம் மடிய வேண்டும். இதை எச்சரிக்கை என்பதா, சாவுக் கணக்கு என்பதா?

2011-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி ஸோமாலியாவில் பஞ்சம் பிரகடனம் செய்யப்பட்டது. அப்பஞ்சத்தில் மாண்டவர் சுமார் 2,60,000 பேர். பாதிக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மொத்தத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிரகடனத்திற்கு முன்பே மாண்டுவிட்டனர். நிபுணர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 2010 ஆகஸ்டு முதலே எச்சரித்து வந்தார்கள். ஒரு புறம் அல்-ஷபாப் கூட்டத்தார் தர்ம ஸ்தாபனங்களைத் தங்கள் பிரதேசத்திலிருந்து துரத்தினர். மறு புறம் அமெரிக்கச் சட்டத்திற்கு அஞ்சி உதவி குறைந்தது. இருவருக்கும் நடுவே ஜனங்கள் மாண்டனர். 2017-ல் அதே நாட்டில் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்து முன்னதாகவே உதவி அனுப்பினார்கள், பஞ்சம் தடுக்கப்பட்டது. 2022-லோ பஞ்சமென்ற பிரகடனமே இல்லை. எனினும் அவ்வருஷத்து வறட்சியால் 43,000 பேர் மாண்டிருக்கலாம் என மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த விவகாரம் நமக்குப் புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்திற்குப் பின்னரே 1880-ம் வருஷக் கமிஷனும், அதையொட்டிப் பஞ்ச விதிகளும் தோன்றின. அன்றைய சர்க்காரின் கருணையை நாம் புகழ வரவில்லை. கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் அளந்த கதையை, அதை எதிர்த்து வாதாடிய டாக்டர் கார்னிஷின் பெயருடன் சரித்திரம் வைத்திருக்கிறது. ஆனால் அவ்விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அவை பிணங்களை எண்ணக் காத்திருக்கவில்லை. தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டு அலைகிறார்களா, சொற்பக் கூலிக்கும் சோதனை வேலைக்கு வருகிறார்களா என்று பார்த்துவிட்டு நிவாரணத்தைத் தொடங்கச் சொல்லின. பிரகடனம் செய்த சர்க்கார் படியளந்தே தீர வேண்டும்.

அந்தக் கட்டாயத்திற்கு அஞ்சியே 1943-ல் வங்காளத்தில் பிரகடனம் செய்யாமல் விட்டார்கள். அளக்கத் தானியமில்லை என்பது சாக்கு. மாண்டவர் சுமார் 15 லட்சமென்று சர்க்கார் கமிஷனே ஒப்புக்கொண்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்லுகிறார்கள்.

சூடானில் 2024 ஆகஸ்டில் ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சமென்று நிபுணர்கள் அறிவித்தனர். டிசம்பரில் அந்நாட்டு சர்க்கார் அளவுகோல் ஏற்பாட்டிலிருந்தே விலகிக்கொண்டது! 1985 முதல் அமெரிக்கச் செலவில் நடந்துவந்த பஞ்ச முன்னறிவிப்பு நிலையமோ 2025 ஜனவரியில் நிதி நிறுத்தப்பட்டதால் சில மாதம் வாயடைத்துக் கிடந்தது. தெர்மாமீட்டரை உடைத்தால் ஜுரம் தணியுமென்று நம்புகிறார்கள் போலும்!

ஐந்தாம் படிக்குக் காத்திராமல், 'அவசரநிலை' எனப்படும் நான்காம் படியிலேயே தானியமும் பணமும் தாமாகப் புறப்படும்படி தேசங்கள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்போரை எந்த சர்க்காரின் தயவுக்கும் விடாமல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் நிரந்தரச் செலவில் வைக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையில் நமது பிரதிநிதி இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுவரலாம். பஞ்ச விதிகள் பிறந்தது நமது நாட்டிலல்லவா?