உகந்தைக்கு முன்னும் பாதை இருக்கிறது

யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றங்கரையில் இருக்கும் செல்வச்சந்நிதியைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். இங்கும் தெற்கிலுள்ள கதிர்காமத்திலும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்வார். அந்தச் சின்னக் கதிர்காமத்திலிருந்து பெரிய கதிர்காமத்துக்கு, முருகனின் வேலாயுதத்தை முன்னே ஏந்தியபடி ஆண்டுதோறும் ஒரு குழு கால்நடையாகப் புறப்படுகிறது. தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல். நடை ஏறக்குறைய ஒன்றரை மாதம்.

முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி, திருகோணமலையில் கோணேசர், வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கிழக்குக் கரையோரமாகக் கோயிலிலிருந்து கோயிலுக்குப் போகிறது பாதை. பொத்துவிலைத் தாண்டினால் தமிழும் சிங்களமும் ஒரே வீட்டில் புழங்கும் பாணமை. அதற்கப்பால் உகந்தை முருகன் கோயில். அங்கே ஊர் முடிந்து காடு தொடங்குகிறது.

நடக்கத் தொடங்கியதும் பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. ஆண்கள் எல்லோரும் சாமி, பெண்கள் எல்லோரும் அம்மா. விடியுமுன் எழுந்து வெயில் ஏறும்வரை நடப்பதும், கோயில் மடத்திலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ பகலைக் கழிப்பதும், ஊரார் தரும் சோற்றை வரிசையில் உட்கார்ந்து உண்பதும் அன்றாடம். கொப்புளம் வெடித்த காலோடு ஒரு மூதாட்டி பின்தங்கினால் முன்னே போன வேல் நிற்கிறது, குழுவும் நிற்கிறது. அவரை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே எழாது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த ஆற்றை எந்த இடத்தில் கடக்கலாம், யானை வழியில் நின்றால் என்ன செய்வது என்பதெல்லாம் பல ஆண்டு நடந்த மூத்தவர்களுக்குத் தெரியும். புதியவர்கள் அவர்களோடு நடந்து நடந்தே அதைக் கற்கிறார்கள்.

போர் இந்தக் கற்றலை அறுத்தது. 1983-க்குப் பிறகு வடக்கிலிருந்து நடப்பது உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. 1988-ல் கிழக்கிலிருந்து யாத்திரையை மீண்டும் உயிர்ப்பித்தவர்களில், 1970-களிலேயே இந்த வழியில் நடந்திருந்த அமெரிக்கரான பேட்ரிக் ஹரிகனும் ஒருவர். துப்பாக்கிகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே சிறு சிறு குழுக்கள் அந்தத் தடத்தை அழியாமல் காத்தன. அவர்களுக்கு இந்த நாடு பட்ட கடன் பெரிது.

இன்று நிலைமை தலைகீழ். உகந்தையிலிருந்து குமண, யால வனங்களின் ஊடாகக் கதிர்காமம் செல்லும் காட்டுப்பாதை திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கே திறக்கப்படுகிறது. அப்போது பல்லாயிரம் பேர் உகந்தையில் வந்து குவிகிறார்கள். பெரும்பாலோர் பேருந்திலும் வாகனங்களிலும் வந்து, காட்டுக்குள் மட்டும் நடப்பவர்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கல்கள் நெரிகின்றன. சிறுத்தையும் கரடியும் யானையும் வாழும் காட்டில் பொலித்தீனும் தண்ணீர்ப் போத்தலும் சிதறிக் கிடக்கின்றன.

அவர்களின் பக்தியைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. விடுமுறை கிடைக்காத தொழிலாளிக்கு ஐந்து நாள் நடையே பெரும் பேறு. ஆனால், ஒன்றரை மாதம் ஒன்றாக நடந்தவர்களிடம் இருக்கும் ஒழுங்கு, வாகனத்திலிருந்து இறங்கிய கையோடு எப்படி வந்துவிடும்? ஆகவே காட்டுக்குள் அனுமதிப்பதே குழுவாகத்தான் என்று ஆக்க வேண்டும். முப்பது நாற்பது பேருக்கு வழி தெரிந்த ஒரு மூத்தவர். குழுவின் பெயர் உகந்தையில் பதிவு. கொண்டுபோகும் பிளாஸ்டிக்குக் கணக்கு. கதிர்காமத்தில் அதைத் திருப்பிக் காட்டுதல். மூத்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வடக்கிலும் மட்டக்களப்பிலும் ஆண்டு தவறாமல் நடப்பவர்களைக் கேட்டாலே ஆள் கிடைக்கும். வனசீவராசிகள் திணைக்களமும் இராணுவமும் செய்யும் காவலை விட, கூட நடக்கும் ஒருவர் சொல்லும் சொல்லுக்குக் காட்டில் மதிப்பு அதிகம்.

இன்னொன்றும் அவசரமானது. காட்டுப்பாதை திறக்கும் நாளை அதிகாரிகளின் கூட்டத்தில் கடைசி நேரத்தில் முடிவு செய்வதும், பிறகு மாற்றுவதும் நிற்க வேண்டும். வாகனத்தில் வருபவர் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். சந்நிதியிலிருந்து வைகாசியிலேயே புறப்பட்டுவிட்ட குழுவுக்கு அது முடியாது. திறப்பு தள்ளிப்போனால் உகந்தையில் காத்துக் கிடக்க வேண்டும்; முந்தினால் மட்டக்களப்பிலிருந்து ஓட வேண்டும். கதிர்காமத் திருவிழாவின் கொடியேற்ற நாளைப் பல மாதங்களுக்கு முன்பே கணித்துவிட முடிகிறது. கதிர்காமப் பள்ளிவாசலிலும் அதே விழாவுக்குக் கொடி ஏறுகிறது. அங்கே போகிறவர்களுக்கும் நாள் தெரிய வேண்டும். காடு திறக்கும் நாளும் மூடும் நாளும், தொண்டைமானாற்றில் முதல் அடி எடுத்துவைக்கும் முன்பே, தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்கப்பட வேண்டும். அடுத்த யாத்திரைக்கே இதைச் செய்துவிடலாம்.