புகை படாத ஏக்கம்

அயலகத் தமிழர் எழுதும் உணவுக் கட்டுரைகள் அலுப்பூட்டத் தொடங்கி நெடுநாளாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்பாடு: பனி பொழியும் சன்னல், வெறிச்சோடிய அடுக்களை, அம்மாவின் தோசை, கண்ணீர். முத்தாய்ப்பாக, 'இங்கே கிரைண்டர் இல்லை' என்றொரு புலம்பல். இலக்கிய ஆர்வலர்களாகிய நாமும் 'நெகிழ்ந்தேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்கிறோம். நான் இனி நெகிழ்வதாக இல்லை. சினம் கொள்வோர் கொள்க.

கிரைண்டரைப் பற்றிப் பேசச் சிங்காநல்லூர்க்காரனுக்குச் சற்று உரிமை உண்டு. அது 1955இல் கோவையில் சபாபதி என்பவர் உருவாக்கிய கருவி. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பெருமை. 2011இல் தமிழக அரசு மிக்சி, மின்விசிறியோடு அதையும் விலையில்லாப் பொருளாக வழங்கத் தொடங்கியது. எனில், 1955க்கு முன் தமிழன் தோசை தின்றதில்லையா? ஆட்டுக்கல் இருந்தது, குழவியைச் சுற்றிய கையும் இருந்தது. அந்தக் கை பெரும்பாலும் ஆணுடையதன்று. ஆகவே 'கிரைண்டர் இல்லை' என்ற வாக்கியத்தை உரித்துப் பார்த்தால் உள்ளே கிடப்பது, 'எனக்கு அரைத்துத் தர இங்கே ஆளில்லை' என்பதே.

பிறரைச் சாடுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2012இல் ஐரோப்பிய நகரம் ஒன்றில் மூன்று மாதம் தங்கினேன். விடுதியின் பொது அடுக்களையில் இருந்தவை: ஒரு சுருள் மின்னடுப்பு, அடி நெளிந்த வாணலி, முள்கரண்டி, பிடி உடைந்த தேநீர்க் கோப்பை. முதல் வாரம் ரொட்டியும் தன்னிரக்கமுமாகக் கழிந்தது. நானும் மேற்படிக் கட்டுரை ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தேன் என்பதை மறைப்பானேன்?

எட்டாம் நாள், அடுத்த அறை மாணவர் இதே தளவாடங்களைக் கொண்டு பேன்கேக் சுட்டார். பெட்டியில் விற்கும் கலவையன்று. எல்லாம் கையால் கலந்தது. ஒரு கோப்பை மைதா, அதே கோப்பையால் ஒரு கோப்பை கெட்டி மோர், ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. மோரின் புளிப்பும் சோடாவும் சேரக் கரியமில வாயு பிறக்கிறது. அதுவே உப்பச் செய்கிறது. ஆதலால் கலந்த மாவை நெடுநேரம் காக்க வைக்கலாகாது. சிறு கட்டிகளைக் கரைக்கிறேன் என்று அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவின் பசைப்புரதம் இறுகி, அடை ரப்பராகும். நெளிந்த வாணலிக்குச் சிறு தீயே நல்லது. அரிந்த வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தது மட்டும் என் ஊர்ப் பங்களிப்பு. மேலெழும் குமிழ்கள் உடைந்து, துளைகள் மூடாமல் நிற்கும்போது திருப்ப வேண்டும். என் முதல் மூன்றும் கருகின. புகையெச்சரிக்கை மணி அலற, கட்டடமே வெளியே வந்து நின்றது.

நான்காவதில் அந்தத் துளைகளைக் கண்டேன். மதுரைக்காஞ்சியின் இரவுக் கடைவீதியில் விற்கும், தேனிறாலை ஒத்த மெல்லடையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். பெரும்பாணாற்றுப்படையின் கூவியர் அப்பம் சுடுவதும் ஒரு கரிய அகலில்தான். கருவி குறைவு என்று அவர்கள் புலம்பியதாகச் செய்தி இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. குறுந்தொகை 167ஐ நாம் எத்தனை முறை நடத்தியிருப்போம்! தயிர் பிசைந்த விரல், கழுவாமல் உடுத்த ஆடை, தாளிப்புப் புகை படிந்த கண். கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. இல்லற மாண்பு என்று உரை சொல்லி மதிப்பெண்ணும் போடுகிறோம். அந்தப் புகை எப்படிக் கரிக்கும் என்று உரையாசிரியனாகிய நான் அறிந்தது என் முப்பதுகளில், அயல்நாட்டில்.

'பேன்கேக் தோசையாகுமா?' என்பீர்கள். ஆகாது. உளுந்தும் அரிசியும் ஓர் இரவு நுண்ணுயிர்களால் புளித்து வரும் சுவை சோடாவில் வாராது. குளிர்நாட்டில் மாவு புளிப்பதும் அரிது. ஏக்கம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. தன் கையால் ஒரு பிடி மாவையும் கரைத்துப் பாராதவனின் ஏக்கம் இலக்கியமாகாது என்கிறேன். அதில் அம்மா இல்லை. அவள் பரிமாறிய தட்டு மட்டுமே இருக்கிறது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மகனுக்கு அடுப்பைக் காட்டுங்கள். கட்டுரை பிறகு எழுதலாம்.

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது 1989இல். அதற்கு முன் அம்மா ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்திருந்த மாலைகளை நான் எண்ணியதேயில்லை. ஊர் திரும்பியதும் அவருக்கு நாலு அடை சுட்டு வைத்தேன். ஒரு விள்ளல் வாயிலிட்டு, "உப்புப் பத்துல கண்ணு" என்றார். 'இனிது' என்று சொல்லவில்லை. மறுநாள் உப்பைக் கூட்டிச் சுட்டேன்.