வீட்டுக்கு எத்தனை புள்ளி?

சம்பளக்காரன் கையில் எட்டு லட்சம் சேர்ந்தால் அது சும்மா இருக்காது. அரிக்கும். எங்கள் காரைக்குடிப் பக்கம் அந்த அரிப்புக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பெயர்: 'பெரிய வீட்டில் பங்கு'.

"தம்பி, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், எட்டில் ஒரு பங்கு... எட்டே லட்சம்!" என்பார் புரோக்கர். உடனே தலையாட்டாமல், "வீட்டுக்கு எத்தனை புள்ளி அண்ணே?" என்று கேளுங்கள். பேச்சு சட்டென்று மழையைப் பற்றித் திரும்பும்.

புள்ளி என்றால்? நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. பர்மா, மலேயா, இலங்கை என்று போய்ச் சம்பாதித்தவர் கட்டியது ஒரு வீடுதான். மூன்று தலைமுறையில் புள்ளிகள் முப்பது, நாற்பது ஆகிவிடும். கோலமே போடலாம்! ஒரு புள்ளி சென்னையில், இன்னொன்று கோலாலம்பூரில், மற்றொன்று எங்கே என்று மற்ற புள்ளிகளுக்கே தெரியாது.

சரி, ஒரு பங்கை மட்டும் வாங்கினால்? பிரிக்காத குடும்ப வீட்டில் வெளியாள் பங்கு வாங்கலாம். சேர்ந்து குடியிருக்க உரிமை கிடையாது. சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு. 'பிரிச்சுக் கொடுங்க' என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போனால், 'அந்தப் பங்கை நானே வாங்கிக்கிறேன்' என்று பங்காளி கேட்க 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிவிடுகிறது. விலையைக் கோர்ட் சொல்லும். ஆக, தூண் தேக்குதான்; சாய்ந்து உட்காரத்தான் முடியாது.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவிகிதம். 8 லட்சத்துக்கு 72,000 ரூபாய். (வழிகாட்டி மதிப்பு அதிகமென்றால் இதுவும் ஏறும்.) போட்டது 8,72,000. 7 சதவிகிதத் தனி வட்டி என்று வைத்தால் வருஷத்துக்கு 61,040. கேஸ் பத்து வருஷம் இழுத்தால் 6,10,400 போச்சு. வக்கீல் ஃபீஸ் தனி. வாடகை? பூட்டின வீட்டில் வௌவால்தான் குடித்தனம். அது அட்வான்ஸ் தராது.

அப்ப வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம், இதெல்லாம் இருந்தால்:

* நான்கெல்லை குறித்துப் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம். இல்லையென்றால் மொத்த வீட்டுக்கும் எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்று.

* 'பொண்ணுங்களைக் கட்டிக் கொடுத்தாச்சு' என்பது பதிலே இல்லை. மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சொன்னபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்திய சட்டம் அவர்களையும் சேர்த்தது. 'அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை' என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆச்சிமார் கையெழுத்து அவசியம், சார்!

* வெளிநாட்டிலிருந்து பவர் வந்தால், அங்கே முறையாக அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியிருக்க வேண்டும்.

* வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று துள்ளாதீர்கள். பதிவானதைத்தான் அது காட்டும். பெட்டியில் தூங்கும் பதிவாகாத உயில் அதில் வராது.

அட்வான்ஸை நீட்டும் முன் ஒரு வெள்ளைத் தாளில் வம்சாவளியை எழுதித் தரச் சொல்லுங்கள். புரோக்கர் பேனாவைத் தேடிக்கொண்டே இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள். சதுர அடியை அப்புறம் எண்ணலாம். முதலில் கையெழுத்தை எண்ணுங்கள்!