விழுகிற சுவிச்சைத் திட்டாதீர்கள்



ஐப்பசி மழை நாளொன்றில் பரந்தனுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்துக்கு வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். மாலை ஐந்தரை மணிதான். ஆனாலும் மழை இருட்டு. சுற்றியிருந்த வீடுகளில் எல்லாம் லைற் எரிந்தது. நான் போன வீட்டில் மட்டும் குப்பி விளக்கு. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வந்த மகள், இன்று உயர்தரம் படிக்கிறாள். அவள் அந்த விளக்குக்கு முன்னால் கொப்பியோடு குனிந்திருந்தாள்.

"என்னக்கா, கரண்ட் இல்லையோ?" என்று கேட்டேன்.

"மூண்டு கிழமையா இப்பிடித்தான் மிஸ். ட்ரிப் சுவிச்சை ஏத்தினா உடனே விழுது. ஒருத்தர் வந்து பாத்திட்டு, முழு வயரிங்கும் பழுது, எண்பதாயிரம் வேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். லோன் எடுப்பமோ எண்டு யோசிக்கிறன்."

கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன் எங்கள் பெண்களை எப்படி வதைக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பயங்கரமான செய்தி அடுத்ததாக வந்தது.

"மருமோன் சொல்லுறான், உந்தச் சுவிச்சாலதான் கரைச்சல், அதைக் கழட்டிப்போட்டு நேரா வயரைக் குடுத்தாச் சரியெண்டு. ஞாயிற்றுக்கிழமை வாறனெண்டவன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. நான் படித்தது சமூகவியல். மின்சாரம் படிக்கவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் இதே போல் சுவிச் விழுந்தபோது, வயர்மன் அண்ணை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிழையைப் பிடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் அன்று செய்து பார்த்தோம்.

அக்காவிடம் ரோச் லைற்றைக் கொடுத்தேன். கையைத் துடைத்து, செருப்புப் போட்டு, மெயின் சுவிச்சை நிற்பாட்டினோம். பிறகு வீட்டில் செருகியிருந்த எல்லாவற்றையும் கழற்றினோம். ரீவி, அயன், கேத்தில், போன் சார்ஜர், எல்லாம். மெயினைப் போட்டு ட்ரிப் சுவிச்சை ஏற்றினோம். விழுந்தது.

"பாத்தீங்களோ மிஸ், வயரிங்தான்" என்றார் அக்கா.

"வேற எங்கையும் பிளக் இருக்கோ?"

மகள்தான் சொன்னாள். "கிணத்தடியில மோட்டர் இருக்கு மிஸ். ஆனா அதின்ர சுவிச் நிப்பாட்டித்தான் கிடக்கு."

இங்கேதான் விஷயம். சுவரிலுள்ள சுவிச் பெரும்பாலும் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். மற்ற வயர் வழியாகவும் கசிவு நடந்து ட்ரிப் சுவிச்சை விழுத்தலாம். ஆகவே நிற்பாட்டினால் போதாது, பிளக்கைக் கழற்றவே வேண்டும். மெயினை மறுபடி நிற்பாட்டிவிட்டுப் போய் மோட்டரின் பிளக்கைக் கழற்றினோம். வந்து சுவிச்சை ஏற்றினோம். நின்றது! அந்தப் பிள்ளையின் முகத்தில் லைற் வெளிச்சம் பட்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் மோட்டரைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். வயர் பூட்டுகிற பெட்டியின் மூடி வெடித்து மழைத்தண்ணீர் உள்ளே போயிருந்ததாம். காயவைத்து, மூடி மாற்றி 1,500 ரூபா எடுத்தார்கள். எண்பதாயிரம் எங்கே, இது எங்கே!

ஆனால் காசை விடுங்கள். மருமகன் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சுவிச்சைக் கழற்றியிருந்தால் லைற் எரிந்திருக்கும், மோட்டரும் ஓடியிருக்கும். ஈரக் கிணற்றடியில் வெறுங்காலோடு நின்று அந்த மோட்டரைத் தொடுகிற முதல் ஆளுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று கிழமையாக அந்தச் சுவிச் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யவில்லை. "இங்கே ஆபத்து இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ட்ரிப் சுவிச் செய்கிற வேலை எங்கள் மாதர் சங்கப் பொருளாளர் செய்கிற வேலைதான். போன கணக்கும் வந்த கணக்கும் சரியா என்று பார்க்கும். வீட்டுக்குள் போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வராவிட்டால், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அது ஈரச் சுவராகவும் இருக்கலாம், ஒரு பிள்ளையின் உடம்பாகவும் இருக்கலாம். வீடுகளில் பூட்டுகிற ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் ஒழுகும்போதே விழும். பழைய 60 வாற் பல்ப் எடுக்கிற மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் அது.

எங்களில் பலர் மின்சாரத்தோடு வளர்ந்தவர்கள் அல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் பல ஆண்டுகள், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் அரிவரி படித்த தலைமுறை நாங்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு அந்த இருட்டு இன்னும் நீண்டது. அதனால் பிரேக்கர் பெட்டியைக் கண்டால் பயம். பயம் நல்லதுதான். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதைத் தைரியமாகப் பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கீழே உள்ளதை வெட்டி பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

1. முதலில் வெளியே பாருங்கள். அயல் வீடுகளிலும் லைற் இல்லையென்றால் பிழை உங்கள் வீட்டில் இல்லை. அயலில் இருந்து, உங்கள் பெட்டியில் எதுவும் விழாமலும் இருந்தால், மின் பட்டியலில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு அழையுங்கள். மீற்றரையும் அதன் சீலையும் தொட வேண்டாம்.

2. ஒரு லைற் மட்டும் எரியவில்லையா? மெயினை நிற்பாட்டி, எரிகிற வேறொரு பல்ப்பைப் பூட்டிப் பாருங்கள். அதுவும் எரியாவிட்டால் ஹோல்டரை ரோச் அடித்துப் பாருங்கள். உள்ளே கருகியிருந்தால் ஹோல்டர் மாற்ற வேண்டும். அது வயர்மன் வேலை.

3. ஒரு பிளக் வேலை செய்யவில்லையா? சரியாக வேலை செய்கிற ஒரு சார்ஜரை அதில் செருகிப் பாருங்கள். சார்ஜர் வேலை செய்தால் பிழை சுவரில் இல்லை, உங்கள் சாமானில். 13 அம்பியர் சதுரக்கால் பிளக்குக்குள் ஒரு சிறு பியூஸ் இருக்கும். பிளக்கைக் கழற்றி எடுத்த பின் அதை மாற்றலாம். மேசை விளக்குப் போன்ற சிறு சாமானுக்கு 3 அம்பியர், கேத்தில், அயனுக்கு 13 அம்பியர். பியூஸுக்குப் பதில் கம்பியோ சிகரட் தாளோ வைக்கவே கூடாது.

4. ட்ரிப் சுவிச் விழுகிறதா? எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், வெளியே உள்ளதையும் மறக்காதீர்கள். சுவிச்சை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொரு சாமானாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதுதான் கள்ளன். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பிழை வயரிங்கில். அதோடு நிறுத்துங்கள்.

5. சின்னப் பிரேக்கர் ஒன்று மட்டும் விழுகிறதா? அந்த வழியில் பாரம் கூடியிருக்கலாம். கேத்திலையும் அயனையும் ஒரே மல்ரி பிளக்கில் போட்டிருந்தால் ஒன்றைக் கழற்றி, ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

உடனே மெயினை நிற்பாட்டிவிட்டு ஆள் கூப்பிட வேண்டிய நேரங்களும் உண்டு. பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தால், பிளக் பேஸ் சுட்டால், சுவரையோ பைப்பையோ தொடும்போது 'சுள்' என்று அடித்தால், பெட்டிக்குள் மழைத்தண்ணீர் போனால், லைற் எல்லாம் வழமைக்கு மாறாக மிகப் பிரகாசமாக எரிந்தால் காத்திருக்க வேண்டாம். பெட்டியே நனைந்திருந்தால் அதையும் தொடாதீர்கள். பிளக் ஓட்டைக்குள் குளவி கூடு கட்டியிருந்தால் ஈர்க்காலோ கம்பியாலோ குத்தாதீர்கள். டெஸ்ரர் எரியவில்லை என்பதற்காக வயரில் கரண்ட் இல்லை என்று நம்பிவிடவும் வேண்டாம்.

தனியாக இருக்கிற பெண்களுக்கு வயர்மனைக் கூப்பிடுவதே ஒரு பிரச்சினை என்பது எனக்குத் தெரியும். "ஆம்பிளை வந்து போனால் சனம் கதைக்கும்" என்று அந்த அக்காவும் சொன்னார். அவர் மூன்று கிழமை இருட்டில் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். பகலில் வரச் சொல்லுங்கள். அயலிலோ சங்கத்திலோ ஒருவரைக் கூட வைத்திருங்கள். என்.வீ.க்யூ சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம், அதில் வெட்கமில்லை. "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், "எல்லாம் கழற்றியும் ட்ரிப் சுவிச் விழுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பிழை எங்கே என்று தெரிந்த பெண்ணிடம் எண்பதாயிரம் கேட்க ஒருவர் இரண்டு தரம் யோசிப்பார். பெரிய தொகை சொன்னால் இன்னொருவரையும் காட்டிக் கேளுங்கள். அதற்கு முன் எந்தக் கடன் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ட்ரிப் சுவிச்சில் 'ரி' என்ற ஆங்கில எழுத்தோடு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவிச் விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் காவல்காரன் நித்திரை, உடனே மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். இந்தப் புத்தகம் கைக்கு வருகிற நாளையே அதற்கான நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ட்ரிப் சுவிச்சே இல்லாத வீடுகளும் எங்கள் கிராமங்களில் உண்டு. உங்கள் வீடு அப்படியென்றால், சீட்டுக்காசு வரும்போது முதல் வாங்க வேண்டிய சாமான் அதுதான்.

மருமகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாராம். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாராம். "மாமி, எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.